ஒரு சொட்டு சந்தேகம்

டெலிபோன் அலறியது.

காலை மணி பத்து பத்து. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்த அனலிஸ்ட் பாய்ந்து எடுத்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் பேசறேன்."

"சொல்லுங்க டாக்டர்... என் தம்பி எப்படி இருக்கான்?"

"காலையில தலைகாணியைப் பார்த்தேன். முழுக்க முடி... கொத்துக் கொத்தா!"

அனலிஸ்ட் ரிசீவரைக் காதோடு அழுத்திக் கொண்டாள்.

"கால்ல போர்வை பட்டாலே கத்தறார். எனக்கு இது வியாதி மாதிரி தெரியல மேடம். யாரோ ஏதோ ஒரு உலோகத்தை அவர் உடம்புக்குள்ள அனுப்பிக்கிட்டு இருக்காங்க."

"விஷமா?"

"விஷம்தான். ஆனா எந்த விஷம்? ஈயம்னா ஒரு மருந்து... தாலியம்னா வேற மருந்து. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினா ரிசல்ட் வர அஞ்சு நாள் ஆகும். உங்க தம்பிக்கு அஞ்சு நாள் கிடையாது. அவரோட யூரின் சாம்பிளை ஆள் கிட்ட குடுத்து அனுப்பிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன்."

ரிசீவரை வைத்தாள்.

அம்மா, அப்பா இரண்டு பேரும் போன பிறகு அவள் வளர்த்த தம்பி! அவனுக்குச் சோறு ஊட்டி, ஃபீஸ் கட்டி, வேலை வாங்கிக் கொடுத்து... கடைசியில் அவனே ஒருத்தியைக் கூட்டிக் கொண்டு வந்து, 'அக்கா, இவதான்' என்று நிறுத்தினான். ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கவில்லை.

அந்த ஒருத்தியை அனலிஸ்டுக்கு இன்று வரை பிடிக்காது.

சாம்பிள் வந்து சேர்ந்தது. அவள் வேலையில் இறங்கினாள்.

மேஜை மேல் இருந்த கருவி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிக் குழாய். அதன் நுனியில் ஒரு கார்பன் இழை. தலைமுடி ஒன்றை ஏழெட்டாகக் கிழித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு மெல்லிசு. அதுதான் மைக்ரோ எலக்ட்ரோடு! ஒரு குளத்தில் ஒரு சிட்டிகை விஷத்தைக் கரைத்தாலும் மோப்பம் பிடித்து விடும்.

முதலில் ப்ளாங்க். எதுவும் கலக்காத வெறும் கரைசலை ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். அவள் தயாரித்த சுத்தத் தண்ணீரில் துளி அமிலம். அதில் இழையை இறக்கினாள்.

திரையில் நேர்கோடு. சுத்தம்!

அடுத்தது தம்பியின் சாம்பிள்.

இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்... திரையில் கோடு மெல்ல ஊர்ந்து வந்து, சட்டென்று ஒரு கூம்பாக எழும்பியது!

ஈயமா? தாலியமா? இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே இடத்தில் தோளோடு தோள் உரசிக் கொண்டு நிற்கும். பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. ஈயமாக இருந்தால் அந்தப் பொடி அதைக் கட்டிப் போட்டு விடும். கூம்பு படுத்து விடும்.

போட்டாள்.

கூம்பு அசையவில்லை.

தாலியம்!

போனைச் சுழற்றினாள். "டாக்டர்! தாலியம்!"

"நல்ல வேளை! அதுக்கு நீலக் கலர்ல ஒரு மருந்து இருக்கு. இப்பவே ஆரம்பிச்சுடறேன். ஆனா மேடம், விஷம் எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரிஞ்சாகணும். இல்லாட்டி இது ஓட்டை பக்கெட்டுல தண்ணி ரொப்பற கதைதான்!"

அவள் போனை வைத்ததும் கதவு திறந்தது.

எட்டிப் பார்த்தவர் மேனேஜர். கூடத்தில் அவருக்குக் 'கையெழுத்து' என்று பெயர். பத்து வருடமாக அவர் பார்க்கும் ஒரே வேலை ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுவதுதான்.

"என்னம்மா... தம்பிக்கு எப்படி இருக்கு?"

"தாலியம் சார். யாரோ குடுத்திருக்காங்க."

கையெழுத்தின் முகம் ஒரு விநாடி வெளிறியது. பிறகு, பதறியவராக நாற்காலியைப் பிடித்துக் கொண்டார்.

"அடப் பாவமே! தப்பா நினைக்காதேம்மா... பொண்டாட்டியை விட்டா வேற யாரு? சாப்பாடு போடறவ அவதானே?"

அவளுக்கு அந்தப் பேச்சு இனித்தது. அதுதான் நிஜம்.

மணி பதினொன்றே கால். இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஃபிளாஸ்க்.

"உங்க தம்பி சம்சாரம் தினமும் இதுலதான் சூப் கொண்டு போகுதாம். வேற யாரையும் ஊட்ட விடறதில்லையாம். பெரிய லேப்ல கேட்டேன். அரை டம்ளர் இருந்தாத்தான் பார்ப்பாங்களாம். இதுல இருக்கறது ஒரே ஒரு சொட்டு!"

"ஒரு சொட்டு போதும் சார்."

"போதுமா?"

"என் எலக்ட்ரோடுக்கு ஒரு சொட்டே சமுத்திரம்."

"நீங்க நோயாளியோட அக்கா. ரிசல்ட்டை உங்க இஷ்டத்துக்கு வளைச்சாலும் வளைப்பீங்க. அதனால நான் இங்கேயே உக்காந்து பார்க்கப் போறேன்."

"என்னையும் சந்தேகப்படறீங்களா சார்?"

"கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும்மா. ஆரம்பிங்க!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேஜை மேல் இருந்த சுத்தத் தண்ணீர் பாட்டில் காலையில் ஓட்டிய சோதனையிலேயே காலி. அவள் பக்கத்தில் இருந்த கேனைச் சாய்த்து பாட்டிலை நிரப்பினாள். அதுவும் கூடத்துச் சுத்திகரிப்பு மெஷினில் அவளே பிடித்து வைத்த தண்ணீர்தான். கரைசல் தயாரானது. ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த சொட்டை உறிஞ்சி, கலந்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டாள். இழை இறங்கியது.

"இப்ப என்ன நடக்குது?"

"இழைக்கு மைனஸ் கரண்ட் குடுத்திருக்கேன். கரைஞ்சு ஒளிஞ்சிருக்கற உலோகமெல்லாம் ஓடி வந்து நுனியில ஒட்டும். அப்புறம் கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினா, ஒவ்வொண்ணும் அதுக்குன்னு இருக்கற இடம் வந்ததும் கழண்டு ஓடும். ஓடறப்ப மாட்டிக்கும்."

"பரவாயில்லையே! எங்க லாக்கப்புல கதவைத் திறந்தா எல்லாப் பயலும் ஒண்ணாத்தான் ஓடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி சம்சாரம் எப்படிப்பட்ட ஆளு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அழுத்தக்காரி சார். நான் எது செஞ்சாலும் குத்தம். எங்க தெருக் குழாய்த் தண்ணியில ஈயம் இருக்குன்னு நானே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சேன். அதனால ஒரு வருஷமா தம்பிக்கு இங்கேர்ந்து சுத்தத் தண்ணி கொண்டு போறேன். ஆஸ்பத்திரிக்கும் தினம் ஒரு பாட்டில். அவ அதுல ஒரு வாய் குடிக்க மாட்டா! சப்புன்னு இருக்காம்!"

"ம்..."

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த அக்கா கிட்ட மனசு விட்டு ஒரு வார்த்தை..."

பாதியில் நிறுத்தினாள்.

திரையில் கூம்பு!

வெள்ளைப் பொடியைப் போட்டாள். கூம்பு அப்படியே நின்றது.

"தாலியம்..." என்றாள். "பாவி! நான் அப்பவே நினைச்சேன் சார்!"

இன்ஸ்பெக்டர் ஏற்கனவே ஆஸ்பத்திரிக் காவலில் இருந்த கான்ஸ்டபிளை போனில் பிடித்திருந்தார். "அந்தப் பொண்ணை ரூமை விட்டு வெளியே விடாதே! வந்துக்கிட்டே இருக்கேன்... என்னது? நாத்தனார் கிட்ட பேசணுமாமா?"

போனை அவளிடம் நீட்டினார்.

"அண்ணி..." தம்பி மனைவியின் குரல். "போலீஸ்காரர் ஏதேதோ சொல்றாரு. நான்தான் விஷம் வெச்சேன்னு நீங்க சொன்னீங்களாம்."

"மெஷின் சொல்லுது!"

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணி?"

அனலிஸ்ட் போனை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "ரிப்போர்ட்டைக் குடுங்க. கிளம்பறேன்."

ரிப்போர்ட் படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். தேதி. சாம்பிள். அளவு. நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.

'ப்ளாங்க் அளவு' என்று போட்டிருந்தது.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் ப்ளாங்க்கை மறந்திருந்தாள்! புதுக் கரைசல் கலந்தால் புது ப்ளாங்க் ஓட்ட வேண்டும். வெறுப்பிலும் அவசரத்திலும் நேரே ஃபிளாஸ்க்குக்குப் போய் விட்டாள்.

"அஞ்சு நிமிஷம் சார். ஒரு ஃபார்மாலிட்டி."

இழையைக் கழுவி, புதுக் கிண்ணத்தில் வெறும் கரைசலை மட்டும் விட்டாள். சூப் கிடையாது. ஒன்றும் கிடையாது. நேர்கோடுதான் வர வேண்டும்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

கூம்பு எழும்பியது!

முன்பைவிட உயரமாக!

"இது என்ன?" இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"விஷம் ஃபிளாஸ்க்குல இல்ல சார்..." என்றாள். "விஷம்... என் தண்ணியில இருக்கு."

"எந்தத் தண்ணி?"

அவள் கேனைப் பார்த்தாள். காலையில் பாட்டிலில் இருந்த தண்ணீர் சுத்தம். பாட்டில் காலியான பிறகு நிரப்பியது இந்தக் கேனிலிருந்து. தினமும் சாயங்காலம் அவள் தன் கையால் தம்பிக்குப் பிடித்துக் கொண்டு போவதும் இந்தக் கேனிலிருந்துதான்!

நான்தான்... ஐயோ, என் கையாலேயே...!

"ஓ!" என்றார் இன்ஸ்பெக்டர். "அக்காவே விஷம் குடுத்துட்டு, பழியைத் தம்பி பொண்டாட்டி மேல போடறீங்களா?"

சொல்லிக் கொண்டே மேஜையைப் படாரென்று தட்டினார். கிண்ணங்கள் குதித்தன.

அனலிஸ்டுக்கு அவர் பேச்சு காதில் ஏறவில்லை. வேறு ஒரு நினைப்பு அவள் பிடரியில் அறைந்தது.

மருந்து! டாக்டர் மருந்து ஆரம்பித்திருப்பார். மருந்தை விழுங்கத் தண்ணீர் வேண்டும். தம்பி அக்கா கொண்டு வரும் தண்ணீரைத் தவிர வேறு தொட மாட்டான்!

போனைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். மணி அடித்தது... அடித்தது... அடித்தது...

"ஹலோ?" தம்பி மனைவி.

"தண்ணி குடுக்காதே!"

"என்ன?"

"அவன் பக்கத்துல இருக்கற பாட்டில்! அதுல விஷம் இருக்கு! குடுத்துட்டியா?"

"மாத்திரையை வாயில போட்டாச்சு... டம்ளரைக் கையில குடுத்திருக்கேன்... அண்ணி, இப்பதானே என்னை..."

"தட்டி விடுடீ!"

போனில் டம்ளர் உருளும் சத்தம். ஒரு முனகல்.

"அண்ணி... தட்டி விட்டுட்டேன். ஒரு வாய்கூட உள்ள போகல."

அனலிஸ்ட் தரையிலேயே உட்கார்ந்து விட்டாள். அழுகை பொத்துக் கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சுடும்மா... நான் மகா பாவி... உன்னைப் போயி..."

"அழாதீங்க அண்ணி. அவர் பார்த்துக்கிட்டு இருக்கார். குழாய்த் தண்ணி குடுக்கட்டுமா? ஈயம்னு திட்ட மாட்டீங்களே?"

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் கையைக் கட்டிக் கொண்டு பார்த்தார்.

"நல்லா நடிக்கறீங்க. இல்லாட்டி நிஜமாவே அழறீங்க. எதுன்னு எனக்குத் தெரியணும். இந்த அறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு."

"ஒண்ணு?"

"என்கிட்ட."

"இன்னொண்ணு?"

அவள் கண்ணைத் துடைத்தாள். மெல்ல எழுந்தாள். மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது.

"சார், இந்தக் கேன் தண்ணியை நான் குடிக்கறேன்னுதான் இங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் காபியைத் தவிர எதையும் வாயில வைக்கறதில்ல. விஷம் வெச்சவன் என் தம்பிக்கு வைக்கல சார்... எனக்கு வெச்சான்!"

"எதுக்கு?"

"போன மாசம் ஒரு சாயப் பட்டறைக் கழிவுல காட்மியம்னு ஒரு விஷ உலோகம் இருக்கறதைக் கண்டுபிடிச்சேன். ரிப்போர்ட் வெளியே போறப்ப 'சுத்தம்'னு மாறிப் போச்சு. மேலிடத்துக்கு எழுதப் போறேன்னு சொன்னேன்."

"யார் கிட்ட சொன்னீங்க?"

"இன்னொரு சாவி யார் கிட்ட இருக்கோ, அவர் கிட்ட!"

"இதுக்கு என்ன சாட்சி? ரெண்டு சாவியில ஒண்ணு உங்க கிட்டயும்தான் இருக்கு!"

"கூப்பிடுங்க சார். எலக்ட்ரோடு சாட்சி சொல்லும்."

கையெழுத்து வந்தார். அவர் கண் நேராகக் கேனுக்குப் போய், அவசரமாகத் திரும்பியது.

"சார்," என்றாள் அனலிஸ்ட், "இந்தக் கேன்ல தாலியம் கலந்திருக்கு. கலந்தவன் கையில எத்தனை சோப்பு போட்டாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். என் கையை டெஸ்ட் பண்ணியாச்சு. சுத்தம். நீங்களும் விரலை நனைச்சீங்கன்னா..."

"நானா? நான் எதுக்கும்மா?"

"எதுக்குப் பயப்படறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், அவள் கையை யாரும் டெஸ்ட் பண்ணாததைக் காட்டிக் கொள்ளாமல்.

"பயமா? எனக்கா?"

அவள் சீல் உடைக்காத புது பாட்டிலைத் திறந்து, கிண்ணத்தில் ஊற்றினாள். கையெழுத்து ஐந்து விரலையும் நனைத்தார். இழை இறங்கியது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

கையெழுத்தின் நெற்றியில் வேர்வை. இன்ஸ்பெக்டரின் ஷூ தரையில் டொக் டொக் என்று தாளம் போட்டது.

ஒரு நிமிடம்...

இரண்டு...

கோடு ஊர்ந்தது... ஊர்ந்தது... சட்டென்று கூம்பாக எழும்பியது!

"தாலியம்!" என்றாள் அனலிஸ்ட், விரலால் திரையைத் தொட்டு.

"பொய்!" கையெழுத்து நாற்காலியைத் தள்ளிக் கொண்டு எழுந்தார். "வரவே வராது! நான் கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தானே ஊத்தினேன்!"

மின்விசிறி நான்கு சுற்று சுற்றியது.

"எதை ஊத்தினீங்க?" இன்ஸ்பெக்டர் மிக மரியாதையாகக் கேட்டார்.

கையெழுத்து கதவைப் பார்த்தார். கதவில் இன்ஸ்பெக்டரோடு வந்த கான்ஸ்டபிளின் தோள் தெரிந்தது. அவர் மெல்ல, ஊசி பட்ட பலூன் மாதிரி, நாற்காலிக்குள் அடங்கினார்.

"பழைய எலி மருந்து... தாலியம் இருக்குன்னு தடை பண்ணின சரக்கு... ஸ்டோர்ல கிடந்தது," என்றார். பிறகு, தாங்க முடியாத ஆற்றாமையோடு அவளை ஏறிட்டார். "நாலு வாரம்! உன் தலையில ஒரு முடி கொட்டலையேம்மா! டோஸ் பத்தலைன்னு ஏத்திக்கிட்டே போனேன்... ஏத்திக்கிட்டே போனேன்... கடைசியில அது தம்பிக்கா போச்சு?"

அனலிஸ்ட் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்துத் தன் தொப்பியில் ஏதோ தூசியைத் தேடிக் கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் கையெழுத்தை ஜீப்புக்குக் கூட்டிப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். வழி அடைபட்டு விட்டதால் இனி மருந்து தன் வேலையைச் செய்யும், தம்பி பிழைத்துக் கொள்வான் என்றார். முடிகூடத் திரும்ப முளைக்குமாம்.

இன்ஸ்பெக்டர் திருப்தியாக மீசையைத் தடவினார்.

"பிரமாதம் மேடம்! அந்த விரல் டெஸ்ட்டை இன்னொரு தடவை ஓட்டி, எனக்கு ஒரு பிரிண்ட் குடுத்துடுங்க. கோர்ட்டுல கேப்பாங்க."

"முடியாது சார்."

"ஏன்?"

"எலக்ட்ரோடு உடைஞ்சு போச்சு. நீங்க மேஜையைத் தட்டினீங்களே, அப்பவே நுனி முறிஞ்சுடுச்சு."

இன்ஸ்பெக்டரின் கை மீசையிலேயே நின்றது.

"அப்ப... திரையில வந்த கூம்பு?"

"போன மாசம் சேவ் பண்ணி வெச்ச டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். அது தாலியம்கூட இல்ல. ஈயம்! பத்து வருஷமா கையெழுத்துப் போட்டவருக்கு, வெள்ளைப் பொடி போடாம தாலியம்னு சொல்ல முடியாதுங்கறதுகூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே சிரிச்சிருப்பார்."

"அடேங்கப்பா! எனக்கே தெரியாம என் கண் முன்னாலேயே... சரி, அவர்தான் வாயை விட்டுட்டாரு. மருந்து டப்பாவும் ஸ்டோர்லதான் இருக்கும். எடுத்துடலாம்." இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஆமா... அவ்வளவு ஈயம் யார் வீட்டுத் தண்ணியில?"

அனலிஸ்ட் தயங்கினாள்.

"உங்க ஸ்டேஷன் குடிதண்ணி சார். கூடாதுன்னு சிவப்பு மையில எழுதி அனுப்பினேன். அவர்தான் 'குடிக்க உகந்தது'ன்னு மாத்திக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

அன்று பகல் இரண்டு மணி. லாக்கப்புக்குள் கம்பியைப் பிடித்துக் கொண்டு கையெழுத்து, தொண்டை வறண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு சொம்பு நிறையக் குழாயில் பிடித்து, தன் கையாலேயே கொண்டு போய் நீட்டினார்.

"தாராளமா குடிங்க சார்... நீங்களே சர்டிஃபிகேட் குடுத்த தண்ணி!"